இறால் வாடாவும் சுமைய்யாவின் வைராக்கியமும்

விழுங்கிவிட்டேன். நாக்கு நுனியில் தொட்டு உப்பு பார்த்துவிட்டு உடனே தொட்டியில் துப்பி வாயைக் கொப்பளிக்க வேண்டும், நோன்பு வைத்துக்கொண்டு சமைக்கிற பெண்கள் எல்லோரும் செய்வதுதான், அதற்கு அனுமதி இருக்கிறது, கல்யாணமான வருஷத்திலிருந்து நானும் அப்படித்தான் செய்துவருகிறேன், ஒரு ரமலானிலும் தவறியதில்லை, இன்று துப்பவில்லை. தொண்டைக்குள் இறங்கிவிட்டது. இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அப்படியா? இறங்கும்போதே தெரியவில்லையா? இல்லை, பிறகுதான். கரண்டி கையில் நிற்கிறது, சட்டியில் இறால் மசாலா சுருண்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறது, சாயங்கால அஸர் தொழுதுவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தவள் நான், நோன்பு என்பது தெரியாமலா நிற்கிறேன்? விடியற்காலையிலிருந்து தண்ணீர் படாத தொண்டை, அந்த மசாலா போன வழி முழுக்க இப்போது தனியாகத் தெரிகிறது, காரமும் சோம்பும் சின்ன வெங்காயத்தின் இனிப்புமாக. சாறு மட்டும் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு துண்டு இறாலும் போயிருக்கிறது. அதை மென்றிருக்கிறேன். மறந்துபோய் விழுங்கலாம், மறந்துபோய் மெல்லவும் முடியுமா? பல்லுக்கு ஞாபகம் இருக்காதா? தொட்டிக்கு ஓடிப்போய்த் துப்பினேன், எச்சில்தான் வந்தது, கொப்பளித்தேன், மறுபடி கொப்பளித்தேன், போனது போனதுதான். இதில் இன்னொன்று, அதை நினைக்கவே கூச்சமாக இருக்கிறது. உப்பு சரியாக இருந்தது. அத்தனை பதற்றத்துக்கு நடுவிலும் மனசு அதைக் கவனித்துவிட்டது. உப்பு போதும், மிளகுத்தூள் மட்டும் ஒரு சிட்டிகை போடலாம் என்றுகூட நினைத்தது. போடவும் செய்தேன்.

அந்த வீடியோதான் காரணம் என்று சொல்லிவிடலாம். போனை அஞ்சறைப்பெட்டியில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே வதக்கினேன். எங்கள் தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ அனுப்பியிருந்தார்கள். போர் நடக்கிற ஒரு ஊரில் எடுத்தது, அந்த ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன், தினம் சொல்லிச் சொல்லி வாய் அதையும் ஒரு மளிகைச் சாமான் பெயரைப் போலச் சொல்லப் பழகிவிட்டது. அதில் வருகிற பெண்ணுக்கு என் வயசுதான் இருக்கும். மூன்று கல் கூட்டி, கரி பிடித்த ஒரு டப்பாவில் ஏதோ கீரையை வேகவைக்கிறாள். கீரைகூட இல்லை, ரோட்டோரத்தில் முளைத்த தழை. பின்னால் சுவர் பாதி, வானம் பாதி. சுற்றி நாலைந்து பிள்ளைகள் காலிச் சட்டியோடு நிற்கிறார்கள், ஒரு பிள்ளைகூட அழவில்லை, அழுகிற தெம்பு இல்லாமல் நிற்கிறார்கள். உப்பு கிடைத்துப் பல நாளாகிறது என்று அவள் சொல்வதாகக் கீழே தமிழில் போட்டிருந்தது. அதெல்லாம் தாங்கிக்கொண்டேன், தினமும் பார்ப்பதுதானே, தாங்கப் பழகியாகிவிட்டது. ஆனால் அவள் ஒரு காரியம் செய்தாள். கரண்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். உப்பே போடாத தழைத் தண்ணீரில் என்ன ருசி பார்க்க இருக்கிறது? கை பழக்கத்தில் செய்துவிட்டது. நக்கிவிட்டுக் கொஞ்சம் முகம் சுளித்தாள், இன்னும் ஏதோ வேண்டும் என்கிற சுளிப்பு, அந்த முகம் எனக்குத் தெரியும், அடுப்படியில் நிற்கிற யாருக்கும் தெரியும், நானும் அப்படித்தான் சுளிப்பேன். அவள் கை உயர்ந்தபோது என் கையும் உயர்ந்தது, அவள் விழுங்கியபோது நானும் விழுங்கினேன். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. துக்கத்தில் தன்னை மறந்து விழுங்கினாள் இந்த மஹ்மூதா. யாரிடமாவது சொன்னால் கண் கலங்கிப்போவார்கள். ஆனால் அது உண்மையில்லை, எனக்குத்தான் தெரியுமே, நான் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனபோது அந்த வீடியோ முடிந்து அடுத்தது ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒருத்தி கிண்ணத்தில் முட்டை அடித்துக்கொண்டிருந்தாள், பெருநாளைக்குப் பஞ்சு போன்ற கேக் செய்வது எப்படி என்று. எங்கள் குரூப் அப்படித்தான், பசித்த பிள்ளை ஒன்று, கேக் ஒன்று, கை ஏந்துகிற படம் ஒன்று, பாயாசம் ஒன்று. நான் இரண்டுக்கும் பதில் போடுகிறவள். அதற்கு அழுகிற முகம், இதற்குச் சிவப்பு இதயம்.

சுமைய்யாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்ததும் அடுப்பைக் குறைத்தேன். என் ஒரே மகள். தஞ்சாவூரில் காலேஜ் முதல் வருஷம், பரீட்சை லீவில் வந்திருக்கிறாள், மேலே அறையில் ஓதிக்கொண்டிருப்பாள், அல்லது படித்துக்கொண்டிருப்பாள். அவள் வாப்பா சவூதியில், தம்மாமில் கடை வைத்திருக்கிறார், இந்த வீட்டில் இப்போது நாங்கள் இரண்டு பேர்தான். போன வாரம் நோன்பு திறக்க உட்கார்ந்தபோது தட்டை மெதுவாகத் தள்ளிவிட்டு, “உம்மா, பெருநாள் வரைக்கும் எனக்குப் பேரீச்சம்பழம், தண்ணி, கஞ்சி போதும். பொரிச்சது, கறி எதுவும் வேணாம்” என்றாள். “ஏன், வயிறு சரியில்லையா?” என்றேன். “வயிறு நல்லாத்தான் இருக்கு. அதான் வெக்கமா இருக்கு” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. “நீ பொரிச்சது திங்காட்டி அங்க ரொட்டி போய்ச் சேந்துருமா?” என்று கேட்டேன். சேராது என்றாள். அப்புறம் என்ன என்றேன். “அப்புறம் ஒண்ணுமில்ல. எனக்கு எறங்கல.” ஏதாவது வாதம் செய்திருந்தால் நான் ஜெயித்திருப்பேன், வாதத்தில் என்னை இந்தத் தெருவில் யாரும் ஜெயித்ததில்லை. முந்தி ஒரு குளிர்பானத்தை வாங்கக் கூடாது, அந்தக் காசு குண்டாகப் போகிறது என்றாள், சரி என்று அதை நிறுத்திவிட்டு ரோஸ் சர்பத் கலக்கினேன், பாதாம் பிசின் போட்டேன், ஐஸ் போட்டேன், எங்கள் வீட்டில் போராட்டமும் ருசியாகவே நடந்தது, அவளும் சிரித்தாள். இது அப்படி இல்லை. இறங்கவில்லை என்கிறவளிடம் என்ன பேசுவது? எனக்கு இறங்கிவிடுகிறதே, எதுவானாலும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறதே. அவள் வாப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “சின்னப் புள்ள, ரெண்டு நாள்ல தானா திம்பா, அவ போக்குல விடு” என்றார். இரண்டு நாள் போய்விட்டது, அதற்கு மேலும் போய்விட்டது, அவள் தின்னவில்லை.

உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று எல்லோரிடமும் புலம்புகிறேன். கழுத்தெலும்பு தெரிகிறது, கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது என்கிறேன். பாதி உண்மை. மீதி என்னவென்றால், எங்கள் ஊரில் சஹன் என்கிற பெரிய தட்டில் எல்லோரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம், இந்தப் பிள்ளை பல் முளைத்ததிலிருந்து என்னோடு ஒரே சஹனில் சாப்பிட்டவள், இப்போது எதிரில் தனிக் கிண்ணத்தில் கஞ்சி குடிக்கிறாள். நான் மட்டும் சஹனுக்கு முன்னால், சமோசாவும் கட்லெட்டுமாக, பெரிய பண்ணையார் மாதிரி. கடித்தால் சத்தம் வருகிறது. மொறுமொறுப்பாகப் பொரித்தேன் பார், அந்தச் சத்தம் இந்தக் கூடத்தில் எப்படிக் கேட்கிறது தெரியுமா? அவள் ஒன்றும் சொல்வதில்லை, என் பக்கம் பார்ப்பதுகூட இல்லை, கிண்ணத்தைத்தான் பார்க்கிறாள். திட்டினால் திருப்பித் திட்டலாம். யாரும் ஒன்றும் சொல்லாத இடத்தில் நான் மட்டும் குற்றவாளியாக மென்றுகொண்டிருக்கிறேன். எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளைதான் வந்து இருப்பார், ஆக நாளைக்கு இந்த அடுப்படி அவளுடையது, என் வயசான காலம் முழுக்க இந்தப் பார்க்காத பார்வைக்கு முன்னால் நான் சாப்பிட வேண்டும். அதனால்தான் இன்று காலையில் முதல் ஆளாக மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். வெள்ளை இறால், துள்ளுகிற இறால். வாடா என்றால் வெளியூர்க்காரர்கள் யாரையோ கூப்பிடுகிறோம் என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும், பச்சரிசியைக் கொரகொரவென்று இடித்து, சோறும் தேங்காயும் சோம்பும் சேர்த்து அரைத்துப் பிசைந்து, நடுவில் மசாலா வைத்து மூடி, மேலே ஒரு முழு இறாலைப் பதித்து எண்ணெயில் போட்டால் தெருக்கோடியில் போகிறவன் நின்று பார்ப்பான். சுமைய்யா சின்ன வயசில் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தினாலும் வாடா சுடுவேன், கதவு திறக்கும். காய்ச்சல் விட்டு வாய் கசந்தாலும் வாடா. அவளுடைய எந்தப் பிடிவாதமும் இறால் வாடாவைத் தாண்டி நின்றதில்லை. எனக்கு அது தெரியும், தெரிந்துதான் வாங்கினேன். எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லைக் கருக்கி வைப்பார்களே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பாசம் என்று பெயர் வைத்துக்கொண்டால் ஆயிற்றா?

நோன்பு போயிற்றா இருக்கிறதா, அதைத் தெரிந்துகொள்ளாமல் கை ஓடவில்லை. கொல்லைப்பக்கம் போய் மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். பௌசியா ராத்தா கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தாள். எனக்கு மூத்தவள், மார்க்க விஷயம் எதுவானாலும் தெருப் பெண்கள் அவளிடம்தான் கேட்போம்.

“ராத்தா, உப்பு பாக்கையில மறந்து முழுங்கிட்டேன். நோன்பு போயிருமா?”

“மறந்துதானே? போவாது. மறந்துபோயி தின்னா அது அல்லாஹ் ஊட்டுனது. வாயக் கழுவிட்டு நோன்பத் தொடர வேண்டியதுதான். எம்புட்டு முழுங்குன?”

“கொஞ்சந்தான். ஒரு இறாலு.”

“இறாலா!” ராத்தா சிரித்துவிட்டாள். “உப்பு பாக்க ஒரு முழு இறாலா மஹ்மூதா?”

“துண்டு ராத்தா, சின்னத் துண்டு. மறந்துதான்னு நெனைக்கிறேன்.”

“நெனைக்கிறியா?” அவள் கறிவேப்பிலையை முந்தானையில் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். “மறந்தியா மறக்கலியான்னு எங்கிட்ட கேட்டா நான் என்னத்தச் சொல்றது? அது உனக்குத்தானே தெரியும். மனசு உறுத்துச்சுன்னா பெருநாளுக்கு அப்புறம் ஒரு நோன்பு கழா வச்சிரு, தீந்துச்சு. வாடா சுடுறியாக்கும்? மசாலா வாசம் உம்மேலேயே வருது. எனக்கு ரெண்டு வையி.”

வைக்கிறேன் என்றேன். உள்ளே வரும்போது சுமை இறங்கியது போலத்தான் இருந்தது. தவறிப்போன நோன்புக்குப் பதிலாக இன்னொரு நாள் நோன்பு, கணக்கு நேராகிவிடும். வைத்துவிடுவோம், மனசு சுத்தமாகிவிடும் என்று மாவைப் பிசைய உட்கார்ந்தால் ராத்தா சொன்ன அந்த வார்த்தை கையைப் பிடித்துக்கொண்டது. அல்லாஹ் ஊட்டியது. நூறு தடவை கேட்ட வார்த்தைதான், சின்ன வயசில் மறந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு அழுதால் உம்மா இதைச் சொல்லித்தான் சிரிக்க வைப்பாள், கேட்கவே இனிப்பாக இருக்கும், அவனே நம் வாயில் ஊட்டினான் என்று. இன்று அப்படி இல்லை. எனக்கு ஊட்டினான். குளிர்சாதனப் பெட்டியில் முந்தாநாள் கறி இருக்கிற எனக்கு, பேரீச்சம்பழத்தில் மூன்று தினுசு வாங்கி வைத்திருக்கிற எனக்கு, மறதி என்று ஒரு சாக்கை வைத்து ஒரு துண்டு இறாலை ஊட்டினான். அப்படியானால் அந்தத் தழைத் தண்ணீர்க்காரிக்கு? அந்தக் காலிச் சட்டிப் பிள்ளைகளுக்கு? அதற்கு மேலே போகாதே மஹ்மூதா, அங்கே நிறுத்து, அஸ்தக்ஃபிருல்லாஹ், அஸ்தக்ஃபிருல்லாஹ், என்னை மன்னித்துவிடு அல்லாஹ். எண்ணெய் காய்கிறது. அவன் கொடுக்காமல் இல்லை. மாவு இருக்கிறதாம், மூட்டை மூட்டையாக லாரியில் வரிசையாக நிற்கிறதாம், உள்ளே விட மாட்டேன் என்கிறவர்கள் மனிதர்கள்தான், குளித்து, உடுத்தி, குளுகுளு அறையில் உட்கார்ந்து, மத்தியானம் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி வைத்த சூப்பைக் குடித்து, உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்கிற மனிதர்கள். எங்களுக்குப் புயல் வந்தபோது லாரி வந்தது. தென்னை எல்லாம் சாய்ந்து ஊரே மொட்டையாகி, கரண்டு இல்லாமல் நாட்கணக்கில் கிடந்தோம், அப்போது முகம் தெரியாத யாரோ மதுரைப் பக்கத்திலிருந்து அரிசியும் சாம்பார் சாதமும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள், மரத்தை அறுத்து வழி செய்துகொண்டு வந்தார்கள். நான் துப்பட்டியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன், சுமைய்யா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நீ யார், எந்தப் பள்ளிவாசல், எந்தக் கோயில் என்று அந்த ஆள் கேட்கவில்லை, “எத்தன பேரும்மா வீட்ல?” என்று மட்டும்தான் கேட்டார். அந்த ஒரு கேள்வியை அங்கே கேட்க ஒரு ஆள் இல்லையே. எனக்குக் கோபம் வருகிறது, நன்றாக வருகிறது, பல்லைக் கடித்துக்கொண்டு மாவை அடித்து அடித்துப் பிசைகிறேன், அடித்துப் பிசைந்தால் வாடா மிருதுவாக வரும், அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. என் கோபம்கூட மாவுக்குத்தான் உதவுகிறது.

முதல் வாடாவை எண்ணெயில் விட்டேன். மேலே பதித்த இறால் சிவந்து வளைந்தது, சோம்பும் தேங்காயும் கருகுகிற அந்த வாசனை எழும்பியது. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும், இவ்வளவு நேரம் அதைச் சுற்றிச் சுற்றித்தான் வந்துகொண்டிருக்கிறேன். புகை போவதற்கு அடுப்புக்கு மேலே சுவரில் ஃபேன் இருக்கிறது. சமைக்க வந்தால் முதலில் அதைத்தான் போடுவேன். இன்று போடவில்லை. ஜன்னலையும் சாத்தினேன், மாடிப்படிப் பக்கத்துக் கதவை மட்டும் அகலத் திறந்து வைத்தேன். வாசனை வெளியே போய் வீணாகக் கூடாது, மேலே போக வேண்டும். இதை நான் மறந்து செய்யவில்லை. இதை யாரும் எனக்கு ஊட்டவில்லை. வெறும் வயிற்றோடு மேலே இருக்கிற பிள்ளையின் மூக்குக்கு வாசனையை அனுப்புகிறேன், தெரிந்து, யோசித்து, கதவைப் பிடித்துத் திறந்து. துண்டு இறாலுக்குக் கழா இருக்கிறது, இதற்கு எந்த நாளில் எந்த நோன்பை வைப்பது? யாரோ பசித்த பிள்ளைகளுக்காக என் பிள்ளை வாயைக் கட்டுகிறாள், வெளிநாட்டு மந்திரிகளுக்கெல்லாம் கேட்காத அந்தப் பிள்ளைகளின் பசி இந்தப் பதினெட்டு வயசுக்குக் கேட்டுவிட்டது, அதை அடக்க நான் எண்ணெய் காய்ச்சுகிறேன். அடுப்பை அணைத்துவிடலாமா? இப்போதே அணைத்து, மாவை மூடி வைத்து, அவளைப் போல நானும் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்தால் என்ன? உட்காரலாம். ஆனால் மசாலா வைத்த மாவு நாளைக்குப் புளித்துப்போகும். உணவை வீணாக்குவதும் பாவம்தான். பார்த்தாயா, எனக்கு எப்படியெல்லாம் காரணம் கிடைக்கிறது. இரண்டாவதைத் தட்டிப் போட்டேன்.

படியில் காலடி கேட்டது. திரும்பவில்லை. சுமைய்யா வந்து வாசல் நிலையில் நின்றாள், தொழுகை முக்காட்டோடு. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

“ஒரே பொகையா இருக்கே உம்மா. ஃபேன் போடலயா?”

“ஓடலம்மா. ரெண்டு நாளா ரிப்பேரு” என்றேன். நோன்பு வாயால் சொன்னேன்.

அவள் சுவிட்சைத் தட்டினாள். ஃபேன் கடகடவென்று நன்றாகவே ஓடியது. புகை கலைந்து வெளியே போக ஆரம்பித்தது. அவள் சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்தாள், திறந்திருந்த கதவைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். ஒரு வாரமாகப் பார்க்காத பார்வை. ஏதாவது சொல்லிவிடு, சத்தம் போடு, இப்படி ஒரு உம்மாவா என்று கேட்டுவிடு என்று மனசு கெஞ்சியது. நான் எண்ணெய்க் கரண்டியால் வாடாவைத் திருப்பிக்கொண்டே இருந்தேன், அது ஏற்கெனவே திருப்பியதுதான்.

“வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு” என்றாள். தன் முக்காட்டு நுனியால் என் நெற்றியைத் துடைத்தாள். “நான் கஞ்சி ஊத்தி எடுத்துட்டுப் போறேன். நீங்க சீக்கிரம் வாங்க, நேரமாச்சு.”

கூடத்தில் விரிப்பைப் போட்டு எல்லாவற்றையும் அவளே அடுக்கியிருந்தாள். தண்ணீர்ச் செம்பு, பேரீச்சம்பழம், அவளுடைய கிண்ணம், என்னுடைய சஹன். சுட்ட வாடாக்களை நான்தான் கொண்டுபோய் வைத்தேன், எங்கே வைப்பது என்று தெரியாமல் நடுவில் வைத்தேன், அவள் பக்கமும் இல்லை என் பக்கமும் இல்லை. பௌசியா ராத்தாவுக்கு உள்ளதை மூடி எடுத்து வைத்தாயிற்று. பள்ளிவாசலில் பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. நோன்பாளி நோன்பு திறக்கிற நேரத்தில் இறைவனிடம் கேட்கிற துஆ தட்டப்படாது என்பார்கள், அதனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டோம், கையேந்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சுமைய்யா கண்ணை மூடிக்கொண்டாள், உதடு அசைந்தது, யாருக்காகக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் ஏந்தினேன். யா அல்லாஹ், அந்த மக்களுக்கு உணவைக் கொடு, அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்று, லாரிகளுக்கு வழியைத் திற, அடைத்து வைத்திருக்கிறவர்களின் மனசைத் திருப்பு. தினமும் கேட்பதுதான், வார்த்தை தானாக வந்தது. அழுகையும் வந்தது. அந்தத் தழைத் தண்ணீர்க்காரியைக் கண்ணுக்குள் கொண்டுவர முயன்றேன், அவள் வந்தாள், உள்ளங்கையை நக்கினாள், அவளுக்கு உப்பைக் கொடு ரப்பே என்று கேட்க வாயெடுத்தேன், கேட்டிருப்பேன், கண்ணை மட்டும் திறக்காமல் இருந்திருந்தால். எதிரில் என் பிள்ளையின் மணிக்கட்டு தெரிந்தது. ஏந்திய கையிலிருந்து வளையல் முழங்கை வரைக்கும் இறங்கிக் கிடந்தது. அவ்வளவுதான், என் மனசு அங்கே இருந்தவர்கள் அத்தனை பேரையும் அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டது. இந்தப் பிள்ளை இன்றைக்குச் சாப்பிடட்டும். இது ஒன்று போதும், இவள் இதில் ஒன்றை எடுத்துத் தின்றால் போதும், வேறு எதுவும் கேட்கவில்லை. வேறு எதுவும் கேட்கவில்லை என்றே கேட்டேன். அந்த நேரத்தில் பள்ளிவாசலில் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

சுமைய்யா பிஸ்மில்லாஹ் சொல்லிப் பழத்தை வாயில் வைத்தாள், தண்ணீர் குடித்தாள். கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் எடுத்தவள் அதைக் கீழே வைத்துவிட்டாள். எழுந்து என் பக்கம் வந்து, முந்தியெல்லாம் உட்காருவது போல சஹனுக்கு முன்னால் என் தோளை ஒட்டி உட்கார்ந்தாள். கை நீட்டி ஒரு வாடாவை எடுத்துப் பிட்டாள். ஆவி வந்தது. ஊதவில்லை, அப்படியே வாயில் போட்டு மென்றாள். மெல்ல மெல்லக் கண்ணில் தண்ணீர் வந்து கன்னத்தில் இறங்கியது, அதைத் துடைக்காமல் விழுங்கினாள். இறங்கியதா, இறக்கினாளா? பசி தாங்காமல் தோற்றுப்போனாளா, வேர்த்த முகத்தோடு பொய் சொன்ன ஒருத்தியைப் பார்த்து மனசு கேட்காமல் எனக்காக ஒரு வாய் தின்றாளா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். உலகத்தில் யார் யாருக்காகவோ கேட்க வேண்டிய நேரத்தில் நான் இதைக் கேட்டேன், பாங்கு முடிவதற்குள் இது கிடைத்துவிட்டது. அங்கே கேட்கிறவர்கள் நாள் முழுக்கக் கேட்கிறார்கள்.

“நல்லாருக்கு உம்மா” என்றாள், என்னைப் பார்க்காமல்.

அழ வேண்டும் போல இருந்தது, அவள் கையிலிருப்பதைப் பிடுங்கித் தூர எறிய வேண்டும், காலில் விழ வேண்டும் போல இருந்தது. “இன்னொன்னு வைக்கவாம்மா?” என்று கேட்டேன். கேட்பதற்குள்ளேயே என் கை எடுத்து வைத்துவிட்டது.